அம்பைத் தாங்கிய பஞ்சு

கொடைரோட்டுப் பக்கத்து ஊர்களில் கோடை பிறந்ததும் பஞ்சு அடிக்க வருகிறவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் மறந்திருக்காது. ஆளுயர மரவில், அதில் இழுத்துக் கட்டிய நரம்பு, நரம்பைத் தட்ட ஒரு மரக்கட்டை. வாசலில் பழைய மெத்தையைப் பிரித்துக் கொட்டி, கட்டிதட்டிப் போன பஞ்சுக்குள் நரம்பை நுழைத்துத் தட்டினால் 'டொய்ங் டொய்ங்' என்று தெருவே அதிரும். காலையில் பலகைபோல் கிடந்த பஞ்சு, கொஞ்ச நேரத்தில் முழங்கால் உயரத்துக்குப் பொங்கி நிற்கும். இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் மின்சார இயந்திரம் செய்துவிடுகிறது. வில்லோடு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

பொங்கிய பஞ்சைத் தராசில் வைத்தால் எடை ஒரு கிராம்கூடக் கூடியிருக்காது. நரம்பின் அதிர்வு பின்னிக் கிடந்த இழைகளைப் பிரித்துவிட்டது. பிரிந்த இடங்களில் காற்று புகுந்துகொண்டது. இந்தக் காற்றும், இழைக்கும் இழைக்கும் இடையே உள்ள உராய்வும்தான் இந்த அத்தியாயம் முழுக்க நமக்கு வேண்டிய இரண்டு சங்கதிகள்.

அடித்த பஞ்சை இரண்டு துணிகளுக்கு நடுவே பரப்பி, மேலிருந்து கீழாக ஊசி குத்தி இழுத்தால் மெத்தை. அதையே உடம்பின் அளவுக்கு வெட்டி, தையலை நெருக்கி, கழுத்தும் கையும் வைத்தால் கவசம். இப்படிச் சொன்னால் நம்மில் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை. கவசம் என்றதும் திரைப்படத்தில் வரும் பளபளக்கும் உலோக மார்புத்தகடுதான் கண்ணில் நிற்கிறது. ஆனால் உலகத்தில் போருக்குப் போன சாதாரணக் காலாட்களில் பலருக்கு உயிர்காத்தது இரும்பல்ல, தைத்த துணிதான். பணம் இல்லாதவன் போட்டுக்கொண்ட ஒப்புக்கான உடை என்று அதை ஒதுக்குவது தவறு. அடுக்குவதிலும் தைப்பதிலும் நுட்பமான பொறியியல் அதற்குள் இருக்கிறது.

1181-இல் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றி ஒரு ஆணை போட்டான். நாட்டின் சுதந்திரக் குடிமக்கள் ஒவ்வொருவரிடமும் என்னென்ன ஆயுதம் இருக்க வேண்டும் என்பது பற்றிய ஆணை அது. வசதி படைத்தவனுக்கு இரும்பு வளையச் சட்டை. நகரத்துச் சாதாரணக் குடிமகனுக்கு ஒரு பஞ்சுச் சட்டை, ஒரு இரும்புத் தொப்பி, ஒரு ஈட்டி. பதினைந்தாம் நூற்றாண்டில் பிரான்சின் பதினோராம் லூயி தன் வீரர்களின் சட்டைக்குக் கணக்கே வகுத்தான்: 30 மடிப்புத் துணி, அல்லது 25 மடிப்போடு ஒரு மான்தோல். உடுத்தி உடுத்தி மெத்தென்று ஆன பழந்துணியே சிறந்தது என்றும் அந்த விதி சொல்கிறது. ஏன் பழந்துணி? அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருங்கள்.

ஐரோப்பியர்கள் இந்தச் சட்டையின் ஒரு வகையை 'ஆக்கெட்டான்' என்றார்கள். அரபு மொழியில் பருத்திக்கு 'அல்-குத்ன்'. அங்கிருந்து வந்த சொல் அது. ஆங்கிலத்தின் 'காட்டன்' என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். ஆட்டு ரோமமும் சணல்செடி நாரும் விளைந்த குளிர்நாட்டில், போருக்கான சட்டைக்குள் அடைக்கப் பஞ்சைத் தேடிக் கடல் கடந்தார்கள் என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி. 1376-இல் இறந்த இங்கிலாந்து இளவரசன் எட்வர்டின் போர்ச்சட்டை கேன்டர்பரி பேராலயத்தில் இன்றும் இருக்கிறது. மேலே வெல்வெட், உள்ளே பருத்திப் பஞ்சு, நெடுக்குக் கோடுகளாகத் தையல்.

சரி, பஞ்சு எப்படி ஆயுதத்தைத் தாங்குகிறது? மூன்று வகை அடிகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். தடி அடிப்பது ஒருவிதம், வாள் அறுப்பது ஒருவிதம், அம்பு துளைப்பது இன்னொருவிதம்.

முதலில் தடி. நம் பகுதிக்கு ஏற்றபடி வளரியையே எடுத்துக்கொள்வோம். மதுரை, சிவகங்கைச் சீமைகளில் எறிந்து தாக்கப் பயன்பட்ட வளைந்த ஆயுதம் அது. 300 கிராம் எடையுள்ள மரவளரி நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 60 ஜூல். இந்த ஆற்றல் எங்காவது செலவாகியே தீர வேண்டும். வளரி அரை சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றால், உடம்பின் மீது விழும் சராசரி விசை 12,000 நியூட்டன். ஏறத்தாழ 1,200 கிலோ எடை ஏறி மிதித்தது போல. அதே வளரி பஞ்சை அமுக்கிக்கொண்டு மூன்று சென்டிமீட்டர் போய் நின்றால் விசை 2,000 நியூட்டன்தான். ஆறில் ஒரு பங்கு. இது எளிய கணக்கு. உண்மையில் தசையும் கொஞ்சம் அமுங்கும், பஞ்சும் சீராக அமுங்காது. ஆனாலும் எலும்பு முறிவதற்கும் கன்றிப்போய்த் தப்புவதற்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. ஆற்றலை யாரும் அழிக்கவில்லை, நிற்கும் தூரத்தை நீட்டினார்கள். பஞ்சு அடிப்பவர் உள்ளே ஏற்றிவைத்த காற்றுதான் அந்தத் தூரம். இரும்பு வளையச் சட்டைக்கு அடியில் பஞ்சுச் சட்டை போட்டதும் இதற்காகத்தான். வளையங்கள் அறுபடாமல் நின்றாலும், அடி அப்படியே எலும்புக்குப் போய்விடும்.

அடுத்து வாள். கத்தி அறுக்க வேண்டுமானால் இழை நகராமல் நிற்க வேண்டும். இழுத்துப் பிடித்த கயிற்றை அரிவாள் ஒரே வீச்சில் துண்டாக்கும். தொங்கும் கயிறு அரிவாளோடு சேர்ந்து போய்விடும். பஞ்சுச் சட்டையில் ஒவ்வொரு இழையும் கொஞ்சம் விலகிக்கொடுக்கிறது, கொஞ்சம் உராய்கிறது. மேலடுக்குகள் அறுபட்டாலும், அறுபட்ட இழைகள் அலகின் இரு பக்கமும் ஒட்டி இழுத்து வேகத்தைத் தின்றுவிடும். தையல்காரர் கத்தரியில் ஒரு மடிப்புத் துணி வழுக்கிக்கொண்டு வெட்டுப்படுவதையும், பத்து மடிப்பு வைத்தால் கை வலிப்பதையும் நினைத்துப் பாருங்கள்.

அம்புதான் கடினமான சோதனை. கூர்முனை இழைகளை அறுப்பதைவிட விலக்கிக்கொண்டு உள்ளே போகப் பார்க்கும். வெறும் பஞ்சு இதற்குச் சரியாகத் தாக்குப்பிடிக்காது. இழைகள் ஒன்றை ஒன்று விட்டு நகர்ந்து வழிவிட்டுவிடும். நெய்த துணியில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. முனை ஒரு பாவு நூலைத் தள்ளினால் அதைக் குறுக்கே கடக்கும் ஊடை நூல்கள் எல்லாம் இழுபடுகின்றன. அவை பக்கத்துப் பாவு நூல்களை இழுக்கின்றன. ஒரு நூலில் விழுந்த சுமை உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிடுகிறது. கொடைரோட்டிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில் இருக்கும் சின்னாளபட்டியில், சுங்குடிச் சேலை நெய்த தறியில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பாவு அறுந்தால் துணி முழுவதிலும் அது தெரியும்.

பழந்துணிக் கேள்விக்கு இப்போது வரலாம். புதுத் துணியில் கஞ்சியும் விறைப்பும் இருக்கும். முனை படும் இடத்தில் நூல்கள் நகர முடியாமல், சுமையைப் பக்கத்து நூல்களுக்குக் கொடுக்கும் முன்பே அங்கேயே அறுந்துவிடும். பலமுறை துவைத்த துணியில் கஞ்சி போய், நூலின் முறுக்கு இளகி, மேலே மெல்லிய பூ எழும்பியிருக்கும். ஒரு மடிப்பின் பூ அடுத்த மடிப்பின் பூவோடு சிக்கிக்கொள்ளும். முப்பது மடிப்பும் தனித்தனியாக நிற்காமல் ஒரே கெட்டியான பொருளாக நடந்துகொள்ளும். பதினோராம் லூயியின் ஆட்களுக்கு இந்த விளக்கம் தெரிந்திருக்க வேண்டிய தேவை இல்லை. பாட்டியின் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்பை எடுத்துப் பார்த்த எவருக்கும் அதன் கனம் கைக்குத் தெரியும்.

1965-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் கண்டுபிடித்த இழையிலிருந்து கெவ்லார் வந்தது. இன்று போலீஸ்காரர்கள் அணியும் மென்மையான குண்டுதுளைக்காத உள்ளாடையைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள்ளும் நெய்த துணிதான் பல அடுக்காக இருக்கும். ஏறத்தாழ 20 முதல் 30 அடுக்கு. எண்ணிக்கை லூயியின் விதியோடு ஒத்துப்போவது தற்செயலாக இருக்கலாம், இழைகள் வேறு, ஆயுதங்கள் வேறு. ஆனால் வழிமுறை அதேதான்: மெல்லிய நெசவு, பல மடிப்பு, சுமையைப் பக்கவாட்டில் பரப்புதல்.

இந்தியாவில் இந்த அறிவு எங்கே இருந்தது? முகலாயர் காலத்தில் 'சில்டா' என்று ஒரு சட்டை. நாற்பது மடிப்பு என்ற பொருளுள்ள பாரசீகச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். பின்னாளில் அதன்மேல் நெருக்கமாகப் பித்தளைக் குமிழ் ஆணிகளைப் பதித்து 'ஆயிரம் ஆணிச் சட்டை' ஆக்கினார்கள். தெற்கே, 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுக்கீசியர் தொமிங்கோ பயஸ், மகாநவமி விழாவின் படை அணிவகுப்பைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். குதிரைவீரர்களுக்குப் பட்டும் வெல்வெட்டும் மேலே போர்த்திய தடித்த தையல் சட்டைகள். உள்ளே பதனிடாத தோலின் அடுக்குகள், இரும்புத் தகடுகள். துப்பாக்கி பிடித்த காலாட்களுக்கும் தடித்த சட்டைகள். தன் நாட்டில் பஞ்சுவைத்த போர்ச்சட்டைக்கு வழங்கிய அதே சொல்லால் அவற்றைக் குறிப்பிடுகிறார். பார்த்தவருக்குப் பொருள் பழகியது என்று தெரிகிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு சாட்சியும் நமக்கு இருக்கிறது, அதுவும் இதே பாண்டிய நாட்டைப் பற்றி. 1290-களில் இங்கே வந்த மார்கோ போலோ, இந்த நாட்டில் சட்டை தைக்கத் தையல்காரரே கிடையாது, எல்லோரும் வெற்றுடம்போடு இருக்கிறார்கள் என்று எழுதினார். படைவீரர்கள் ஈட்டியும் கேடயமும் மட்டும் எடுத்துக்கொண்டு வெறும் மேலோடு போருக்குப் போகிறார்கள் என்றும், அதனால் அவர்கள் நல்ல வீரர்கள் இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். சங்க நூலான முல்லைப்பாட்டு, பாசறையைக் காத்த யவனர்களின் சட்டையை 'மெய்ப்பை' என்கிறது. மெய்யைப் போட்டு மூடிய பை. தைத்த சட்டை நம் கண்ணுக்கு அந்நியமாக, வேடிக்கையாகத் தெரிந்த காலம் அது. உடம்பைக் காக்கும் கவசத்துக்கு 'மெய்ம்மறை' என்ற சொல் பதிற்றுப்பத்தில் இருக்கத்தான் செய்கிறது; வீரர்களுக்குக் கவசம் போன்றவன் என்று சேர மன்னனைப் புகழ அந்தச் சொல் பயன்பட்டது.

மார்கோ போலோவின் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. வெப்பத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத தீர்ப்பு அது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஓடி, ஈட்டி வீசி, கேடயம் தூக்கிச் சண்டை போடுகிறவன் எளிதாக 500 வாட் வெப்பத்தை உண்டாக்குவான். சித்திரை மாதத்தில் கொடைரோட்டில் வெளிக்காற்று உடம்பைவிடச் சூடாகிவிடும் நாட்கள் உண்டு. அப்போது வெப்பம் வெளியேற ஒரே வழி வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். ஒரு மணி நேரம் 500 வாட் என்றால் 1,800 கிலோஜூல். முக்கால் லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். வெற்றுடம்பில், காற்று வீசினால், அது நடந்துவிடும்.

இப்போது அவனுக்குப் பஞ்சுச் சட்டை போட்டுவிடுங்கள். வளரியின் அடியைத் தாங்க நாம் ஏற்றிவைத்த அதே காற்று, வெப்பத்தையும் உள்ளே பூட்டிவைக்கும். வியர்வை பஞ்சில் ஊறும். தோலின் மேலிருந்து ஆவியாகாது. வெப்பம் வெளியேறவே இல்லை என்று ஒரு மோசமான எல்லையை வைத்துக்கொண்டால், 70 கிலோ உடம்பின் சூடு ஒரு டிகிரி ஏற ஏறத்தாழ எட்டு நிமிடம் போதும். 37-இலிருந்து 40 டிகிரிக்குப் போக அரை மணி நேரம்கூட ஆகாது. 40-க்கு மேல் மயக்கம், அதற்கு மேல் உயிராபத்து. முழுக்க மூடிய சட்டைக்குள்ளும் கொஞ்சம் வெப்பம் கசியும் என்பதால் நிஜத்தில் இவ்வளவு வேகமாக ஏறாது. ஆனாலும் எந்தப் பக்கம் அபாயம் இருக்கிறது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. பாண்டிய நாட்டுக் காலாள், அம்புக்கும் வெயிலுக்கும் நடுவே எதை முதலில் தடுப்பது என்று தேர்ந்தெடுத்திருக்கிறான். கேடயத்தைக் கையில் பிடித்து, மேலைக் காற்றுக்குத் திறந்துவிட்டவன் அறிவில்லாதவன் அல்ல.

அப்படியானால் விஜயநகரத்தில் ஏன் தடித்த சட்டை? குதிரையும் துப்பாக்கியும் பெருகிய காலம் அது. குதிரைமேல் இருப்பவன் தன் எடையைத் தானே சுமந்து ஓடுவதில்லை. அவன் உண்டாக்கும் வெப்பம் குறைவு, அவன்மேல் படும் காற்று அதிகம். பயஸ் பார்த்ததோ விழா அணிவகுப்பு. பதினெட்டாம் நூற்றாண்டு மைசூரின் ஏற்பாடு இன்னும் புத்திசாலித்தனமானது. திப்பு சுல்தானுடையவை என்று பிரிட்டிஷ் சேகரிப்புகளில் இருக்கும் பஞ்சுவைத்துத் தைத்த தலைக்கவசத்தையும், வயிற்றையும் விலாவையும் சுற்றிக் கட்டும் 'பேட்டி'யையும் பாருங்கள். கைகளும் கால்களும் திறந்தே கிடக்கும். உயிர் போகும் இடங்களுக்கு மட்டும் காப்பு. திண்டுக்கல் கோட்டைக்கு 1755-இல் பவுஜ்தாராக (படைத்தலைவராக) வந்து, இங்கிருந்து தன் ஏற்றத்தைத் தொடங்கியவர் திப்புவின் தந்தை ஹைதர் அலி. 1792 வரை இந்தச் சமவெளி, இடையிடையே கைமாறினாலும், மைசூர்க்காரர்களின் சீமை.

வெப்பத்தோடு நெருப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1866-இல் பிரெஞ்சுக்காரர்கள் தாக்கிய பிறகு கொரியாவில் துப்பாக்கிக் குண்டுக்கு எதிராகப் பல அடுக்குப் பருத்திச் சட்டை செய்தார்கள். 1871-இல் அமெரிக்கக் கடற்படை வந்தபோது அதை அணிந்து நின்றார்கள். கோடையின் புழுக்கம் ஒருபுறம், பீரங்கிக் குண்டுகளின் தீப்பொறி மறுபுறம். பஞ்சு எரியும் பொருள் என்பதைப் பீரங்கி யுகம் நினைவூட்டிவிட்டது.

இனிச் செய்முறைக்கு வருவோம். நாயக்கர் காலத்தில் இந்தப் பக்கம் நடமாடிய ஒரு வீரனின் பஞ்சுச் சட்டையை உண்மைக்கு நெருக்கமாக மறுபடி செய்ய வேண்டும் என்று ஒருவருக்கு ஆசை வந்தால், முதல் சிக்கல் தையலில் இல்லை, செடியில் இருக்கிறது.

உலகத்தில் மனிதன் பயிராக்கிய பருத்தி இனங்கள் நான்கு. இரண்டு ஆசியா, ஆப்பிரிக்கா அடங்கிய பழைய உலகத்தவை, இரண்டு அமெரிக்காவைச் சேர்ந்தவை. பழைய உலகத்தில் ஒன்று நம் துணைக்கண்டத்திலேயே வசப்பட்டது. பாகிஸ்தானின் மெஹர்கரில் ஒரு செம்பு மணிக்குள் ஒட்டிக் கிடைத்த பருத்தி இழை ஏழாயிரம் ஆண்டுக்கும் முந்தையது. தமிழ்நாட்டுக் கரிசலில் விளைந்த கருங்கண்ணி அந்த இனம். உப்பம் பருத்தி பழைய உலகத்தின் இன்னொரு இனம். இன்று கடையில் வாங்கும் துணியும் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் ஓடும் பஞ்சும் பெரும்பாலும் மெக்சிகோவில் பிறந்த இனத்திலிருந்து வருகின்றன. அதே இனத்துப் பஞ்சை அடுக்கித்தான் ஆஸ்டெக் வீரர்கள் 'இச்காவிபிலி' என்ற சட்டையைச் செய்தார்கள். 1519-இல் இரும்புக் கவசத்தோடு வந்து இறங்கிய ஸ்பானியர்களில் பலர், அந்த ஊர் வெயிலில் இரும்பைக் கழற்றிவிட்டு அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டார்கள். ஆகவே இன்றைய கடைத்துணியில் நாயக்கர் காலச் சட்டை தைத்தால், நூல் கணக்கில் அது ஆஸ்டெக் சட்டை.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. கருங்கண்ணியின் இழை குட்டை, பருமன் அதிகம். மெல்லிய நூலுக்கு ஆகாது என்று ஆலைகள் ஒதுக்கியதற்கு அதுதான் காரணம். ஆனால் பருமனான இழை அமுக்கினால் திரும்பி எழும்பும். மெத்தைக்கும் மருத்துவமனைப் பஞ்சுக்கும் நாட்டுப் பருத்தி இன்றும் விரும்பப்படுவது அதனால்தான். ஆலைக்குக் குறையாகப் பட்டது கவசத்துக்கு நிறை.

இலவம்பஞ்சை வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பழனி மலையின் அடிவாரத்திலும் போடிப் பக்கத்திலும் கொட்டிக் கிடக்கிறது, எடையும் குறைவு. வைக்கக் கூடாது. பருத்தி இழை ஒரு செல். காய் வெடித்து உலரும்போது அந்தக் குழல் சப்பையாகி, நாடாபோல் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்குதான் இழைகளை ஒன்றோடொன்று கோக்கிறது. அதனால்தான் பருத்தியை நூற்க முடிகிறது. இலவ இழை முறுக்கில்லாத, மெழுகு பூசினாற்போல வழுக்கும் குழல். உள்ளே பெரும்பகுதி காற்று. தண்ணீர் ஏறாது, மிதக்கும். உலகப் போர்க் காலத்து உயிர்காக்கும் மிதவைச் சட்டைகளில் அடைத்தது அதைத்தான். அமுங்கினால் உடைந்து பொடியாகிவிடும், பிடிமானம் இல்லாமல் கீழே சரிந்துவிடும். மேலும் நாம் மெத்தைக்கு வாங்கும் இலவம் அமெரிக்க, மேற்கு ஆப்பிரிக்க வெப்பநாடுகளின் மரம். செம்பூப் பூக்கும் முள்ளிலவுதான் இந்த மண்ணின் மரம்.

பாலியெஸ்டர் பஞ்சு வேண்டவே வேண்டாம். வியர்வையை உறிஞ்சாது, நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

துணிக்குக் காடா போதும். கைநூற்புக் கதர் கிடைத்தால் இன்னும் நல்லது. 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திய நிறுவனமான காந்திகிராமம் கொடைரோட்டிலிருந்து அதிகத் தூரமில்லை. துணியை வாங்கியதும் வெட்டாதீர்கள். நான்கைந்து முறை கொதிநீரில் அலசிக் கஞ்சியை எடுத்து, சுருங்க வேண்டியது சுருங்கிய பிறகு வெட்ட வேண்டும். சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள துணியில் 30 மடிப்பு வைத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 4.5 கிலோ. தொடை வரை வரும் கையில்லாச் சட்டைக்குச் சுமார் 1.2 சதுர மீட்டர். மொத்தம் ஐந்தரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இரும்பு வளையச் சட்டை இதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நம் வெயிலுக்கு நான் முப்பது மடிப்பைப் பரிந்துரைக்க மாட்டேன். நெஞ்சிலும் வயிற்றிலும் மேலே 12 மடிப்புத் துணி, அதற்கு அடியில் ஒரு விரல்கடை அடித்த பஞ்சு, உடம்பை ஒட்டி ஒரு மடிப்பு மல். முதுகில் அதில் பாதி. அக்குளில் ஒன்றுமே வேண்டாம், திறந்து விடுங்கள். மேலடுக்கு முனையையும் அலகையும் பிடிக்கும், கீழ்ப்பஞ்சு அடியை வாங்கும். மைசூரின் 'பேட்டி' சொல்லும் பாடமும் இதுதான்.

தையலில்தான் பொறுமை வேண்டும். தேன்மெழுகில் இழுத்த கெட்டி நூல்; மெழுகு நூலின் சிலும்பலை அடக்கி, வியர்வையில் இற்றுப்போகாமல் காக்கும். நெடுக்காக இழையோட்டத் தையல், வரிசைக்கு வரிசை இரண்டு விரல் இடைவெளி. இடைவெளி அகன்றால் பஞ்சு இடுப்பில் சேர்ந்து தொங்கும், தோள் வெறுமையாகும். நெருங்கினால் பஞ்சு முழுக்க இறுகிக் காற்று போய்விடும். அட்டைபோல் விறைத்த சட்டையில் கையைத் தூக்க முடியாது. இன்னொரு நுட்பம்: தையல் ஓடும் கோட்டில்தான் சட்டை மெலிந்திருக்கும். முனை அந்தக் கோட்டைத்தான் தேடும். அதனால் மேல் துணியடுக்கைத் தனியாகவும் கீழ்ப்பஞ்சைத் தனியாகவும் தைத்து, ஒன்றின் கோடு மற்றதன் மேட்டில் விழும்படி பொருத்த வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை. பள்ளி மாணவர்கள் ஆசிரியரோடு மட்டும் செய்யட்டும். அரைக்கிலோ மரக்கட்டையின் அடியில் ஒரு ஆணியின் கூர் வெளியே நீட்டியபடி அடித்து, ஒரு நெடுங்குழாய் வழியாக ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விடுங்கள். ஏறத்தாழ ஐந்து ஜூல். கீழே களிமண்ணின் மேல் துணிமடிப்புகள். புதுக் காடா எத்தனை மடிப்பில் தாங்குகிறது, பழைய வேட்டி எத்தனை மடிப்பில் தாங்குகிறது என்று எண்ணுங்கள். பிறகு அதே மடிப்புகளைச் சேர்த்துத் தைத்துவிட்டு மறுபடி விடுங்கள். துணியை நனைத்தும் ஒருமுறை பாருங்கள். பருத்தி இழை ஈரத்தில் வலுக்கூடும் அபூர்வமான இழை. எண்களை நோட்டில் எழுதி வையுங்கள்.

கொடைரோடு ரயில் நிலையம் இருப்பது அம்மையநாயக்கனூரில். 1875-இல் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே தண்டவாளம் போட்டபோது, கிழக்கே சிறுமலைக்கும் மேற்கே பழனி மலைக்கும் நடுவேயுள்ள இந்த இடைவெளியில்தான் அது வந்தது. அதற்கு முன்னால் படைகளும் இதே வழியில்தான் வந்தன. 1730-களில் மதுரையைக் கைப்பற்ற வந்த ஆற்காட்டுச் சந்தா சாகிபின் படையும் மதுரை நாயக்கர் வம்சத்துப் பங்காரு திருமலையின் படையும் மோதியது இந்த அம்மையநாயக்கனூரில்தான். பங்காரு திருமலை தோற்றுச் சிவகங்கைப் பக்கம் போனார். அந்தக் களத்தில் விழுந்த இரும்பு ஒருவேளை மண்ணுக்குள் இருக்கலாம். பருத்தி இருக்காது. ஈரம் பட்டால் பூஞ்சை, தரையில் கிடந்தால் கரையான், பெட்டிக்குள் வைத்தால் வெள்ளிப்பூச்சி. கேன்டர்பரியில் அறுநூறு ஆண்டு நிற்கும் சட்டை, இங்கே கவனிக்காமல் விட்டால் அறுபது ஆண்டு நிற்காது.

அதனால் ஒரு வேண்டுகோள். பழைய பாளையக்காரர், ஜமீன் குடும்பங்களின் பரணிலோ, ஊர்க்கோயில் ஆயுத அறையிலோ, கனமாகத் தைத்த பழஞ்சட்டையோ, பஞ்சு வைத்த தொப்பியோ, இடுப்பைச் சுற்றும் மெத்தைப் பட்டையோ கண்ணில் பட்டால் கந்தல் என்று எறிந்துவிடாதீர்கள். துவைக்காதீர்கள், வெயிலில் காயப் போடாதீர்கள், மடித்து இறுக்காதீர்கள். சாயம் போடாத சுத்தமான பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டு, மதுரையிலோ எழும்பூரிலோ உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் ஒரு சிட்டிகைப் பஞ்சை நுண்ணோக்கியில் வைத்தாலே போதும்: அது பருத்தியா இலவமா, நம் நாட்டு இனமா அமெரிக்க இனமா என்று தேட ஆரம்பித்துவிடலாம்.